எகிப்தில் எமன் கிடையாது

கறுப்பு உடம்பு, நிமிர்ந்த நீளக் காது, நரி முகம், கையில் ஒரு கோல். வீடியோ கேமிலும் டி-ஷர்ட்டிலும் பச்சை குத்தும் கடைச் சுவரிலும் இந்த உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயர் அனுபிஸ். பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே விளக்கம்தான் இருக்கும்: எகிப்தியரின் மரணக் கடவுள். கொஞ்சம் தேடிப் படித்தால் இன்னொருவர் ஒசைரிஸ்தான் மரணக் கடவுள் என்பார். மூன்றாவது ஆள் சேத் என்பார். ஒரு பழங்கால எகிப்தியரிடம் இதைச் சொல்லியிருந்தால் மூன்றுமே அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். மனிதர்களின் உயிரைப் பறித்துக்கொண்டு போவது இந்த மூவரில் யாருடைய வேலையும் இல்லை.

அப்படியானால் இவர்களெல்லாம் என்னதான் செய்தார்கள்? அதை அடியிலிருந்து பார்ப்போம். முன்பே எதுவும் படித்திருக்கத் தேவையில்லை.

## சாவு வீட்டில் யாருக்கு என்ன வேலை

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கும்? ஒருவர் சொந்தபந்தங்களுக்குச் சேதி சொல்கிறார். ஒருவர் உடம்பைக் குளிப்பாட்ட ஏற்பாடு செய்கிறார். வேறொருவர் பாடை கட்டுகிறார். கொள்ளி வைக்க ஒருவர், வரவு செலவு எழுத ஒருவர். பாடை கட்டுகிறவரைக் காட்டி, ‘இவர்தான் அவரைச் சாகடித்தவர்’ என்று யாரும் சொல்வதில்லை. அனுபிஸை மரணக் கடவுள் என்பது கிட்டத்தட்ட அப்படித்தான்.

நமக்கு ‘சாவுக்கு ஒரு கடவுள்’ என்றதும் எமன் ஞாபகம் வருவது இயல்பு. எமன் நாள் பார்த்து வருகிறார், பாசக்கயிறு வீசுகிறார், உயிரைக் கொண்டுபோகிறார், சித்திரகுப்தன் கணக்கை வைத்துத் தீர்ப்பும் சொல்கிறார். பிடிப்பது, விசாரிப்பது, தண்டிப்பது எல்லாம் ஒரே தர்பாரில் நடக்கிறது. எகிப்தில் முதல் வேலைக்கு, அதாவது உயிரைப் பிடித்துக்கொண்டு போவதற்கு, பூசை வாங்கும் கடவுள் யாருமில்லை. சாவு நடந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கடவுள்களின் வேலை தொடங்குகிறது. அந்த வேலை முழுக்க ஒரே நோக்கத்துக்காக: செத்தவர் மறுபடி சாகாமல் பார்த்துக்கொள்வது.

‘மறுபடி சாவது’ என்பது வெறும் பேச்சு இல்லை. எகிப்தியப் பாடங்களில், அதாவது அவர்களின் மந்திர வாசகங்களில், அதற்கு ‘இரண்டாம் சாவு’ என்றே பெயர். முதல் சாவில் மூச்சு நிற்கிறது. இரண்டாம் சாவில் ஆள் இருந்த சுவடே இல்லாமல் போகிறது. அவர்கள் நடுங்கியது இந்த இரண்டாவதற்குத்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எகிப்திய மதம் ஒரே புத்தகத்தில் எழுதி முடிக்கப்பட்ட மதம் அல்ல, கிட்டத்தட்ட 3000 ஆண்டு நீண்டு கிடந்தது. சாவுக்குப் பிந்தைய வாழ்வு பற்றிய பாடங்கள் முதலில் சக்காராவில் ஊனாஸ் அரசரின் பிரமிடுக்குள் கி.மு. 2350 வாக்கில் சுவரில் செதுக்கப்பட்டன. அப்போது அவை அரசருக்கு மட்டும். சில நூற்றாண்டுகள் கழித்து அதிகாரிகளின் சவப்பெட்டிகளிலும் அதே வகைப் பாடங்கள் வந்தன. கி.மு. 1550 வாக்கிலிருந்து காசு இருந்தவர் யாரும் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருளில் எழுதி வாங்கிக் கல்லறைக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று ‘இறந்தோர் நூல்’ என்று சொல்லப்படுவது இந்தச் சுருள்களைத்தான். ஒவ்வொருவர் சுருளிலும் ஒவ்வொரு தேர்வு. ஆகவே ‘எகிப்தியர்கள் இப்படி நம்பினார்கள்’ என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, ‘எந்தக் காலத்தில்?’ என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் கி.மு. 1550-க்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளைத்தான் வைத்துப் பேசுகிறேன்.

## ஒரு ஆளுக்குள் எத்தனை பேர்

உடம்பு, உயிர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் எகிப்து புரியாது. அவர்கள் கணக்கில் மனிதருக்குப் பல பாகங்கள். முக்கியமானவை மட்டும் இங்கே.

‘கா’ என்பது ஒருவரை வாழவைக்கும் ஆற்றல். சாப்பாடு இதற்குத்தான். கல்லறையில் ரொட்டியும் பீரும் மாட்டிறைச்சியும் படைத்தது காவின் பசிக்கு. ‘பா’ என்பது ஓர் ஆளின் தனித்தன்மை, நடமாடும் பகுதி. மனிதத் தலை வைத்த பறவையாக இதை வரைவார்கள். பகலில் வெளியே பறந்து திரியும், இரவில் உடம்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வர உடம்பு இருக்க வேண்டுமே! மம்மி எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் விடை. இவற்றோடு பெயரும் நிழலும்கூட ஆளின் பாகங்கள். பெயரைச் சுவரிலிருந்து சுரண்டி எடுத்தால் அந்த ஆளையே சுரண்டி எடுத்ததாக ஆகும். எதிரிகள் அதைச் செய்தும் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக நடந்து முடிந்தால் செத்தவர் ‘ஆக்’ ஆகிறார். ஒளியுள்ள, முழுமைபெற்ற நிலை அது.

சுருக்கமாக, சாவு என்பது இந்தப் பாகங்கள் கழன்றுபோவது. அவற்றைத் திரும்ப ஒன்றாகப் பூட்டுவதுதான் கடவுள்களின் வேலை. இனி வரும் ஒவ்வொரு பெயரையும் இந்த வேலையில் எந்தப் பங்கு என்று பார்த்துக்கொண்டே போனால் போதும்.

## அனுபிஸ்: பதப்படுத்துகிறவர், காவல்காரர்

எகிப்தின் மிகப் பழைய கல்லறைகள் பாலைவன ஓரத்தில், ஆழமில்லாத குழிகளாக இருந்தன. அங்கே நரிகளும் நாய்களும் திரிந்தன, புதைத்ததைத் தோண்டின. அந்த விலங்கின் உருவத்தையே பிணத்துக்குக் காவலாக வைத்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். எனக்கும் இது பொருத்தமாகவே படுகிறது. ஆபத்து எங்கிருந்து வருகிறதோ அதையே காவலுக்கு நிறுத்துவது எகிப்தியருக்குப் பழக்கமான உத்தி. அரசரின் நெற்றியில் நாகம் படமெடுத்து நிற்பதும் இதே வகைதான்.

கறுப்பு நிறத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எகிப்தில் திரியும் அந்த விலங்குகள் மங்கிய பழுப்பு நிறம். அனுபிஸ் மட்டும் ஏன் கன்னங்கரேலென்று? நைல் வெள்ளம் விட்டுப்போகும் வண்டல் கறுப்பு. அதில்தான் பயிர் முளைக்கிறது. பதப்படுத்தி, பிசின் பூசிய உடம்பும் கறுத்துப்போகிறது. ஆகவே அங்கே கறுப்பு திரும்ப முளைப்பதற்கான நிறம். துக்க நிறம் என்பது நாம் கொண்டுபோய் ஒட்டியது.

அனுபிஸின் பட்டங்களில் சில: ‘தன் மலைமேல் இருப்பவர்’, ‘பதனக் கூடாரத்தின் தலைவர்’, ‘புனித நிலத்தின் அதிபதி’. புனித நிலம் என்றால் இடுகாடு. எல்லாமே பணியிடங்களின் பெயர்கள்.

அந்தப் பணி எப்படி நடந்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூளையை மூக்கு வழியாகக் கொக்கிபோன்ற கருவியால் எடுத்து வீசிவிடுவார்கள், அதற்கு மதிப்பே இல்லை. இடப்பக்க வயிற்றைக் கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனியே காயவைப்பார்கள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். சிந்தனை, நினைவு, மனசாட்சி எல்லாம் இதயத்தில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறகு உடம்பை நேட்ரான் உப்பால் மூடுவார்கள். நேட்ரான் என்பது காய்ந்த ஏரிப் படுகைகளில் இயற்கையாகக் கிடைக்கும் சோடா உப்பு. கெய்ரோவுக்கு வடமேற்கே வாதி நத்ரூன் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் போனால் அழுகல் இல்லை. அப்புறம் எண்ணெய், பிசின், மீட்டர் கணக்கில் லினன் துணி. மொத்தம் 70 நாள் என்பது மரபு.

இந்த வேலையை நடத்திய பூசாரி சடங்கின்போது அனுபிஸாகவே நின்றார். ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகர அருங்காட்சியகத்தில் சுட்ட களிமண்ணால் செய்த ஒரு அனுபிஸ் முகமூடி இருக்கிறது. தலைக்குமேல் கவிழ்த்து, தோளில் உட்காரும்படி செய்யப்பட்டது. நரி முகத்தின் கண்கள் வெறும் அலங்காரம். போட்டிருப்பவர் பார்ப்பதற்கு மூஞ்சிக்குக் கீழே இரண்டு துளைகள் தனியே உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் நேரே கொஞ்சம் தெரியும், காலடி தெரியாது. தெந்தேரா கோயில் சிற்பம் ஒன்றில் இப்படி முகமூடி போட்ட பூசாரியை இன்னொருவர் தாங்கி நடத்திச் செல்கிறார். கல்லில் செதுக்கியவர், முகமூடிக்குள் இருக்கும் மனித முகத்தையும் நமக்குத் தெரியும்படி காட்டியிருக்கிறார்.

ஹாவர்டு கார்ட்டர் 1922-இல் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையிலும் அனுபிஸ் இருந்த இடம் இதையே சொல்கிறது. அரசரின் உள்ளுறுப்புகள் வைத்த பெட்டி இருந்த அறையின் வாசலில், தங்கம் பூசிய பேழைமேல் படுத்தபடி, கறுப்பு நரி உருவம். தோள்மேல் லினன் துணி போர்த்தியிருந்தது. முகம் உள்ளே நுழைபவரை நோக்கி இருந்தது.

உள்ளுறுப்புகளுக்கும் தனித்தனிக் காவல் உண்டு. ஹோரஸ் கடவுளின் நான்கு மகன்கள் அவர்கள்: ஈரலுக்கு மனிதத் தலை இம்செத்தி, நுரையீரலுக்குக் குரங்குத் தலை ஹாப்பி, இரைப்பைக்கு நரித் தலை துவாமுதெஃப், குடலுக்குப் பருந்துத் தலை கெபெசெனுவெஃப். அருங்காட்சியகங்களில் இந்தத் தலைகளை மூடியாக வைத்த ஜாடிகளைப் பார்க்கலாம். நரித் தலை தெரிந்தவுடன் அனுபிஸ் என்று சொல்லிவிட வேண்டாம்.

## ஒசைரிஸ்: செத்துப்போன அரசர்

ஒசைரிஸ் கதையில் விசேஷம் என்னவென்றால், கடவுளே செத்துப்போகிறார். ஒசைரிஸ் எகிப்தை ஆண்ட நல்ல அரசர். பொறாமை கொண்ட தம்பி சேத் அண்ணனைக் கொன்று, உடலைத் துண்டாக்கி நாடெங்கும் வீசுகிறார். மனைவி ஐசிஸும் அவள் தங்கை நெப்திஸும் துண்டுகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். உடம்பு கட்டப்பட்டு முதல் மம்மி ஆகிறது. ஐசிஸ் தன் மந்திரத்தால் அதற்குச் சிறிது நேரம் உயிர் கொடுத்து ஹோரஸைக் கருத்தரிக்கிறாள். ஹோரஸ் வளர்ந்து சேத்திடமிருந்து அரியணையை மீட்கிறார். ஒசைரிஸ் மட்டும் உயிருள்ளோர் உலகுக்குத் திரும்பவில்லை. செத்தவர்களின் அரசராகக் கீழேயே தங்கிவிடுகிறார்.

இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கோவையாகச் சொன்னவர் புளூட்டார்க் என்ற கிரேக்கர், அதுவும் கி.பி. முதல் நூற்றாண்டைச் சுற்றி. எகிப்தியப் பாடங்கள் கதையை முழுசாகச் சொல்வதில்லை, ஆங்காங்கே தொட்டுவிட்டுப் போகும். கேட்பவருக்குக் கதை தெரியும் என்ற நினைப்பு. அண்ணன் கொலையுண்ட காட்சியைக் கல்லில் விரித்துச் செதுக்க அவர்களுக்குப் பயமும்கூட. செதுக்கினால் அது நிலைத்துவிடும் அல்லவா?

ஒசைரிஸ் ஆரம்பத்திலிருந்தே முதலிடத்தில் இல்லை என்பதையும் பலர் சொல்வதில்லை. பழைய கல்லறைகளின் படையல் வாசகங்களில் வேண்டப்படுபவர் அனுபிஸ்தான். ஒசைரிஸ் பெயர் ஐந்தாம் வம்சக் காலத்தில், அதாவது ஊனாஸ் வந்த அரச பரம்பரையின் காலத்தில்தான் தலைகாட்டுகிறது. அபிதோஸ் ஊரில் ‘மேற்கத்தியரில் முதல்வர்’ என்ற பட்டத்தோடு வேறொரு இடுகாட்டுக் கடவுள் இருந்தார். சூரியன் மறையும் மேற்கு செத்தவர்களின் திசை. மேற்கத்தியர் என்றால் செத்தவர்கள். ஒசைரிஸ் வளர வளர அந்தப் பட்டத்தையும் ஊரையும் எடுத்துக்கொண்டார். முதல் வம்சத்து ஜெர் அரசரின் கல்லறையைப் பிற்காலத்தவர் ஒசைரிஸின் கல்லறை என்றே நம்பினார்கள், நூற்றாண்டுக் கணக்கில் அங்கே யாத்திரை போனார்கள். அவர்கள் படையல் வைத்த மண்கலங்களின் ஓடு இன்றும் மேடுமேடாகக் கிடக்கிறது.

இந்தக் கடவுளை இத்தனை பேர் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சிக்கலானது இல்லை. செத்து, பாகங்கள் சிதறி, மறுபடி பூட்டப்பட்டு, வேறோர் இடத்தில் வாழ்வு பெற்றவர் அவர். ‘அவருக்கு நடந்தது எனக்கும் நடக்கட்டும்’ என்பதுதான் வேண்டுதல். அதனால் செத்தவர் பெயருக்கு முன்னால் கடவுளின் பெயரையே சேர்த்து எழுதினார்கள். ஆனி என்ற எழுத்தரின் சுருளில் அவர் வெறும் ஆனி இல்லை, ‘ஒசைரிஸ் ஆனி’. ஒவ்வொரு மம்மியும் ஒரு சின்ன ஒசைரிஸ்.

அவர் தோல் பல ஓவியங்களில் பச்சை. அழுகின பிணத்தின் பச்சை என்று சிலர் விளக்கம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது தவறு. பயிரின் பச்சை அது. துட்டன்காமன் கல்லறையில் ஒசைரிஸ் வடிவத்தில் செய்த மரச் சட்டம் ஒன்று கிடைத்தது. அதற்குள் நைல் வண்டலை நிரப்பி, தானியம் விதைத்து, நீர் ஊற்றியிருந்தார்கள். விதை முளைவிட்ட பிறகு லினன் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். கடவுளின் உடம்பிலிருந்து பயிர் கிளம்பும் காட்சி இருட்டறைக்குள் அரசருக்குத் துணையாக.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்வோம். அனுபிஸ் உடம்பைத் தயார் செய்கிறார், காவல் காக்கிறார். ஒசைரிஸ் செத்தவர்களுக்கு அரசர், முன்மாதிரி. ஐசிஸும் நெப்திஸும் தேடிச் சேர்ப்பவர்கள், ஒப்பாரி வைப்பவர்கள். யாரும் யாரையும் கொண்டுபோகவில்லை.

## தராசு: எல்லோரும் தவறாகச் சொல்லும் இடம்

இதயத்தை இறகோடு வைத்து எடைபோடும் காட்சி பிரபலம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஹுனெஃபெர் சுருளில் அது மிகத் தெளிவாக இருக்கிறது. கி.மு. 1280-ஐ ஒட்டியது. ஹுனெஃபெர் முதலாம் சேத்தி அரசரிடம் வேலைபார்த்த எழுத்தர்.

படத்தை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வெள்ளை உடையில் ஹுனெஃபெர். அவர் கையைப் பிடித்து அழைத்து வருபவர் அனுபிஸ். அடுத்து தராசு. அதன் அடியில் குந்தி உட்கார்ந்து சரிபார்ப்பவரும் அனுபிஸ்தான். ஒரே படத்தில் இரண்டு முறை வருகிறார், சித்திரக்கதை மாதிரி. ஒரு தட்டில் ஜாடிபோன்ற இதயம், மறு தட்டில் இறகு. இறகு ‘மாத்’ என்பதன் குறி. மாத் என்றால் உண்மை, நீதி, உலகம் சீராக ஓடும் ஒழுங்கு எல்லாம் சேர்ந்தது, அதுவே ஒரு பெண் தெய்வமும். தராசுக்குப் பக்கத்தில் அம்மித் காத்திருக்கிறது: முதலைத் தலை, முன்பாதி சிங்கம், பின்பாதி நீர்யானை. எகிப்தியரைத் தின்னக்கூடிய மூன்றையும் ஒட்டவைத்த உருவம். முடிவை எழுதிக்கொள்பவர் ஐபிஸ் பறவைத் தலை கொண்ட தோத், எழுத்தர்களின் கடவுள். பிறகு ஹோரஸ் ஹுனெஃபெரை ஒசைரிஸிடம் அழைத்துப் போகிறார். ஒசைரிஸ் கூடாரத்துக்குள் அரியணையில், பின்னால் ஐசிஸும் நெப்திஸும்.

இறகைவிட இதயம் லேசாக இருந்தால்தான் சொர்க்கம் என்று எங்கும் எழுதுகிறார்கள். படத்தைப் பாருங்கள், இரண்டு தட்டும் சமமாக நிற்கின்றன. மாத்தோடு ஒத்துப்போவதுதான் தேவை. பஞ்சுபோல் லேசாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அனுபிஸ் நீதிபதி என்பதும் சரியில்லை. அவர் தராசைப் பிடிப்பவர். தீர்ப்பு ஒசைரிஸ் சபையில். அங்கே 42 தெய்வங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். செத்தவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தான் செய்யாத ஒவ்வொரு தவறைச் சொல்ல வேண்டும். இது இறந்தோர் நூலில் 125-ஆம் பாடம். திருடவில்லை, கொல்லவில்லை போன்றவை எதிர்பார்க்கக்கூடியவை. அந்தப் பாடத்திலேயே இன்னும் சில உண்டு: தராசுக் கல்லில் ஏமாற்றவில்லை, குழந்தை வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஓட வேண்டிய காலத்தில் தண்ணீரை மறிக்கவில்லை. வாய்க்கால் பாசனத்தில் வாழ்ந்த ஊரின் பாவப் பட்டியல் வேறு எப்படி இருக்கும்!

இத்தனைக்கும் நடுவே ஒரு தந்திரமும் உண்டு. இதயம் எல்லாம் அறிந்தது, அது உளறிவிட்டால்? அதற்காக வண்டு வடிவப் பச்சைக் கல் ஒன்றை மம்மியின் மார்பில் வைப்பார்கள். அதன் அடியில் இறந்தோர் நூலின் 30B பாடம் செதுக்கியிருக்கும். ‘என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே, தராசுக்காரர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காதே’ என்ற கருத்தில் போகும் அது. ஒழுக்கமாக வாழவும் வேண்டும், எதற்கும் இருக்கட்டும் என்று மந்திரமும் வேண்டும். அவர்களுக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

சுருள்களில் எந்த ஆளும் தோற்பதாக வரைந்ததில்லை என்பதும் யோசிக்க வேண்டியது. காசு கொடுத்து வாங்கும் சுருளில் யார் தோற்பார்கள்? ஆனியின் சுருளில் சில பகுதிகளைப் பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதிவைத்து, பிறகு அவர் பெயரை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். அம்மித்துக்குக் கோயிலோ பூசையோ கிடையாது. நரகம் என்ற நெடுங்காலத் தண்டனையும் இங்கே மையம் இல்லை. அம்மித் இதயத்தை விழுங்கினால் ஆள் அங்கேயே தீர்ந்தார். மேலே சொன்ன இரண்டாம் சாவு அதுதான்.

## ராவும் இரவின் 12 மணி நேரமும்

ஒசைரிஸ் கீழே இருக்கிறார், சரி. ஆனால் அந்த உலகம் இருட்டு. அங்கே வெளிச்சம் கொண்டுபோவது யார்? சூரியக் கடவுள் ரா.

செத்தவர் உலகத்துக்கு ‘துவாத்’ என்று பெயர். மேற்கே மறையும் ரா ஒரு படகில் அதற்குள் நுழைந்து, 12 மணி நேரம் பயணித்து, கிழக்கே எழுகிறார். இதை மணிவாரியாக விவரிக்கும் பாடம், அரசர்களின் பள்ளத்தாக்கில் மூன்றாம் துட்மோஸின் கல்லறைச் சுவரில் முழுசாக இருக்கிறது. அந்த அறையே நீள்வட்டம். சுவர் பழைய பாப்பிரஸ் சுருளை விரித்தாற்போன்ற நிறத்தில், குச்சிக் கோடுகளால் வரைந்த நூற்றுக்கணக்கான உருவங்களோடு.

நாலாவது மணியில் தண்ணீர் வற்றிவிடுகிறது, முழுக்க மணல். படகு எப்படிப் போகும்? படகே பாம்பாக மாறி மணலில் ஊர்கிறது. ரா கடந்துபோகும் இடமெல்லாம் செத்தவர்கள் விழித்து எழுகிறார்கள், அவர் போனதும் அழுதபடி இருட்டுக்குள் திரும்புகிறார்கள். ஆறாவது மணி, நடுநிசி. அங்கேதான் முக்கியமான காரியம் நடக்கிறது: ரா தன் உடம்போடு ஒன்றுசேர்கிறார், அந்த உடம்பு ஒசைரிஸ். பறக்கும் பாகமும் கிடக்கும் பாகமும் இணைகின்றன. மனிதருக்குச் சொன்ன அதே பா, அதே உடம்பு, இப்போது பிரபஞ்ச அளவில். இந்த இணைப்பு இல்லாவிட்டால் விடியல் இல்லை. நெஃபெர்தாரி அரசியின் கல்லறையில் இதையே ஒரே உருவமாக வரைந்திருக்கிறார்கள். ஆட்டுத் தலை ரா, மம்மி உடம்பு ஒசைரிஸ், இருபுறமும் ஐசிஸும் நெப்திஸும்.

அடுத்த மணியில் அபோபிஸ் என்ற பெரும்பாம்பு வழியை மறிக்கிறது. ஒழுங்கையே விழுங்க நினைக்கும் சக்தி அது. படகின் முன்னால் நின்று ஈட்டியால் அதைக் குத்துபவராகப் பல இடங்களில் வருபவர் யார் தெரியுமா? அண்ணனைக் கொன்ற அதே சேத். முரடனுக்கும் ஒரு வேலை இருந்தது. முழு வில்லனாக அவரை ஆக்கியது பிற்காலம்.

ஆக, செத்தவருக்கு இரண்டு வழி உண்டு. ஒசைரிஸ்போல் பூட்டப்பட்டுக் கீழே வாழலாம். ராவின் படகில் ஏறித் தினமும் காலையில் வெளியே வரலாம். எகிப்தியர் இரண்டையுமே கேட்டார்கள்.

## அங்கே போயும் வயல் வேலையா

தீர்ப்பில் தேறியவர் போய்ச் சேரும் இடம் நாணல் வயல். ஆனியின் சுருளில் அதன் படம் இருக்கிறது: வாய்க்கால்கள், மாடு பூட்டிய ஏர், உயர்ந்து நிற்கும் கதிர். வேலை செய்யத்தான் வேண்டும். எழுத்தருக்கும் அரசருக்கும் அது பிடிக்குமா? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ‘ஷப்தி’ எனப்படும் சின்னப் பொம்மைகளைக் கூடவே புதைத்தார்கள். வேலைக்கு ஆள் கூப்பிடும்போது ‘இதோ இருக்கிறேன்’ என்று பொம்மை பதில் சொல்லிவிடும். துட்டன்காமனுக்கு 413 பொம்மைகள். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், பத்துப் பேருக்கு ஒன்றாக 36 மேஸ்திரிகள், மாதத்துக்கு ஒருவராக 12 மேற்பார்வையாளர்கள்.

## அப்படியானால் சாவைக் கொண்டுவருவது யார்

கொள்ளைநோய் என்றால் செக்மெத் என்ற சிங்க முகப் பெண் தெய்வத்தைச் சொல்வார்கள். நோய்களை அம்புபோல் அனுப்புபவள் அவள். ஆனால் வைத்தியத்துக்குப் போனதும் செக்மெத்தின் பூசாரிகளிடம்தான். அனுப்பியவளிடமே திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்பது. அவளும் சாவுக்கென்றே ஏற்பட்ட தெய்வம் இல்லை.

மரணத்தையே ஓர் ஆளாக்கிப் பேசும் இடம் மிக அரிது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தைம்ஹோதெப் என்ற பெண்ணின் நடுகல் இருக்கிறது. மெம்ஃபிஸ் நகரத் தலைமைப் பூசாரியின் மனைவி. ஆண் குழந்தை வேண்டி, தெய்வமாக வணங்கப்பட்ட பழங்கால அறிஞர் இம்ஹோதெப்பிடம் வேண்டிக்கொண்டு ஒரு மகனையும் பெற்றவள். கி.மு. 42-இல், கிளியோபாத்ரா ஆட்சியில், முப்பது வயதில் இறந்தாள். கல்லில் அவளே தன் கணவனிடம் பேசுவதுபோல் எழுதியிருக்கிறது: சாப்பிடு, குடி, மனசுக்குப் பிடித்ததைச் செய்; மேற்கு தூக்கத்தின் நாடு, இருட்டு; இங்கே தாகத்துக்குத் தண்ணீர் இல்லை. அப்புறம் மரணத்தைப் பற்றிச் சொல்கிறாள். ‘வா’ என்பதுதான் அவன் பெயர், கூப்பிட்டவுடன் எல்லோரும் போகிறார்கள். பக்கத்தில் நடந்துவரும் கிழவரை விட்டுவிட்டுத் தாயிடமிருந்து பிள்ளையைப் பறிப்பான். தெய்வங்களில்கூட அவனைப் பார்த்தவர் இல்லை. கும்பிட்டால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். கண்ணில் தென்படாததால் காணிக்கை கொடுக்கவும் வழியில்லை.

ஊனாஸின் பிரமிடுச் சுவரிலிருந்து இந்தக் கல்லுக்கு 2300 ஆண்டு. அத்தனை காலம் கழித்து ஒருவழியாக மரணம் ஓர் ஆளாக நம் முன் வருகிறது. அதற்கு நரித் தலை இல்லை, கையில் கோல் இல்லை, முகமே இல்லை. கோயில் கட்ட நினைத்தாலும் எந்த உருவத்தை உள்ளே வைப்பது?